நாலு மீட்டர் விரிப்பு

"தொடாதே!"

காபிக் கெண்டியை எடுக்கப்போன ரைலியின் கை அந்தரத்தில் நின்றது. கணவன் ஏஸ்கோ பாய்ந்து வந்து கெண்டியைப் பிடுங்கிக்கொண்டான்.

"காபிதானே, கருங்கல்லா?"

"மார்புல ஆபரேஷன் ஆனவ நீ. பேசாம உக்காரு."

"அது ஆகி ரெண்டு மாசம் ஆச்சு. இனி எல்லா வேலையும் செய்யலாம்னு பிசியோதெரபி அம்மாவே சொல்லிட்டாங்க."

"அவங்க சொல்வாங்க. இந்த வருஷம் விரிப்பையெல்லாம் கடையில துவைக்கப் போடறேன்."

ரைலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜூன் பிறந்தால், ஊரார் விரிப்பு துவைக்கும் கடற்கரைத் துறைமேடையில் தன் விரிப்புகளைத் தானே தேய்த்துத் துவைப்பவள் அவள். கடைக்குப் போடுவதாம்! ஆபரேஷன் ஆன புதிதில், பயிற்சி நேரத்தில் "கையைத் தூக்கு, இன்னும் தூக்கு" என்று பின்னாலேயே நின்றவன்தான் இவன். ஒருநாள் அவள் எரிந்து விழுந்தாள். மறுநாளிலிருந்து பொம்மையைப் போல வைத்துக் காக்கிறான்.

அவளுக்கும் உள்ளூரப் பயம்தான். சுவரில் விரல்களை ஏறவிடும் பயிற்சியில், ஆபரேஷன் ஆன பக்கத்து இடது கை தோள் உயரத்தோடு நின்றுவிடுகிறது. இனி இந்தக் கை இவ்வளவுதானோ?

ஏஸ்கோ ஆணி வாங்கக் கிளம்பினான். ரைலி சமையலறை விரிப்பைச் சுருட்டினாள். அடடா, வந்ததும் கண்டுபிடித்துவிடுவானே! படுக்கையறை விரிப்பை இங்கே போட்டாள். இப்போது படுக்கையறை மொட்டையாக இருந்தது. அங்கே கூடத்து விரிப்பைப் போட்டாள். கூடம் பல்லிளித்தது. கடைசியில், யாரும் எட்டிப் பார்க்காத விருந்தினர் அறை விரிப்பை எடுத்தால்தான் அவன் கண்ணில் படாது என்று தெரிந்தது. நாலு மீட்டர்! எல்லாவற்றையும் பழையபடி போட்டுவிட்டு, அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினாள்.

துறைமேடையில் மூன்று பெண்கள் துவைத்து முடித்துவிட்டுக் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ரைலி பைன் சோப்பு போட்டுத் தேய்த்தாள், அலசினாள். பிழியும் உருளையில் கொடுத்துச் சுற்றினாள். இதுவரை சுகமாகத்தான் போயிற்று.

காயவைக்கும் கம்பியோ தலைக்கு மேலே இருந்தது.

வலது கையால் வீசினாள். பாதி ஏறிய விரிப்பு சறுக்கி வந்து அவளையே போர்த்திக்கொண்டது.

"யாராவது இருக்கீங்களா?" என்று உள்ளிருந்து கத்தினாள்.

காபி உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அடுத்தவர் விஷயத்தில் தலையிடாத நாகரிகமாம்! இந்த ஊரில் ஒருத்தி விரிப்புக்குள் மூச்சுத்திணறிச் செத்தாலும் மரியாதையாகக் கடலைத்தான் பார்ப்பார்கள்.

"ஒரு கை குடுங்களேன்!"

ஒருத்தி இருமினாள். அவ்வளவுதான்.

வந்த கோபத்தில் ரைலி விரிப்பை உதறி வெளியே வந்தாள். இரண்டு கைகளாலும் அதை வாரியெடுத்து, "போய்த் தொலை!" என்று ஓங்கி வீசினாள். விரிப்பு கம்பிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்து தொங்கியது. அவளுடைய இரண்டு கைகளும் மேலேயே நின்றன. இடது கை காதை ஒட்டி இருந்தது. அவள் அதையே பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் வந்தது.

மூன்று பெண்களும் எழுந்து கைதட்டினார்கள்.

"இப்ப தட்டுங்க! கூப்பிட்டப்ப எங்கே போனீங்க?"

மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதேம்மா. நேத்து உன் வீட்டுக்காரர் வந்து, 'அவகிட்ட செய்யுன்னா செய்ய மாட்டா, செய்யாதேன்னாதான் செய்வா. நாளைக்குத் திருட்டுத்தனமா விரிப்போட வருவா, என்ன கத்தினாலும் யாரும் கை குடுத்துடாதீங்க'ன்னு கெஞ்சிட்டுப் போனார்!"