மக்கள் நலத் தட்டு

ஆடு வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், கோழி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். என் மகள் செல் வளர்க்கிறாள். ஆராய்ச்சிக்கூடத்தில் அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். மார்பகப் புற்றுநோய் செல்லை உள்ளங்கை அகலத் தட்டில் போட்டு, கதவு இறுக மூடும் பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரி சூட்டில் வைத்து, வேளாவேளைக்குத் தீனி மாற்றி, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறாள். "இந்தச் சனியனை எதுக்குடி வளர்க்கணும்?" என்று கேட்டேன். "வளர்த்தாதானேம்மா அடிக்க முடியும்" என்றாள். பிள்ளை வளர்த்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்தத் தட்டில் ஊதா முட்டைக்கோஸின் சத்தைப் பிரித்து ஊற்றிப் பார்த்தார்கள். எனக்குப் புரிந்த மட்டில் விஷயம் இதுதான். செல்லுக்குள் 'போதும், இனி வளராதே' என்று சொல்லுகிற மரபணு ஒன்று இருக்கிறது. புற்றுநோய் செல்லிலும் அது இருக்கத்தான் இருக்கிறது, ஆனால் மேலே மூடி இறுகிப் போயிருக்கிறது. அலமாரியில் உப்பு இருந்தும், டப்பா திறக்காததால் சமையல் சப்பென்று போகிற மாதிரி. கோஸுச் சத்து பட்டதும் அந்த மூடி இளகியிருக்கிறது. உப்பு மாறவில்லை, மூடிதான் மாறியது. அதுவும் தட்டில். அதுவும் கொஞ்சம். 'தட்டில்', 'கொஞ்சம்' என்ற இரண்டு சொல்லையும் மகள் அழுத்தி அழுத்திச் சொன்னாள்.

பத்திரிகையில் இடம் போதாமல் அந்த இரண்டு சொல்லும் விடுபட்டுப் போயின. 'புற்றுநோயை விரட்டும் கோஸ்' என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது.

உடனே நலத்துறை மேலதிகாரி மகளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருக்கு ஊரில் 'தக்க நடவடிக்கை' என்று பெயர். மழை பெய்தால் தக்க நடவடிக்கை எடுப்பார், மழை நின்றாலும் எடுப்பார். துணைக்கு நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

"செல்லுக்கு எத்தனை வேளை கோஸ் தின்னக் குடுத்தீங்க?" என்று ஆரம்பித்தார்.

"தின்னக் குடுக்கல சார். செல்லுக்கு வாய் கிடையாது. மேல ஊத்தினோம்."

"அப்போ தின்கிறது இதுல வராது. ஊத்துறதுதான். ஆராய்ச்சிக்கு விரோதமா நாம ஒண்ணும் செய்யக் கூடாது பாருங்க. எதுல வச்சு ஊத்தினீங்க?"

"வட்டமா, ஆழமில்லாத தட்டு சார்."

"சூடு?"

"முப்பத்தேழு டிகிரி. ஆனா சார், இது தட்டுல நடந்த..."

"அதைத்தானேம்மா நானும் சொல்றேன். தட்டுலதான் நடக்கும்! பொதுமக்கள் செல்லால ஆனவங்கதானே?"

"ஆமா சார், ஆனா..."

"'ஆனா' எல்லாம் கோப்புல ஏறாதும்மா" என்று எழுந்து நின்று கைகூப்பினார். மேன்மை தங்கிய அவருடைய பேனா ஏற்கெனவே ஓடி முடித்திருந்தது.

இவ்வாறாக 'மக்கள் நலத் தட்டு' திட்டம் உதயமாயிற்று. நாலு பேர் கால் நீட்டி உட்காரும் அகலத்தில் வட்டத் தொட்டிகள் வந்து இறங்கின. ஆனால் அரசாங்க மொழியில் தொட்டி என்று சொல்லக் கூடாது, தட்டு என்றுதான் சொல்ல வேண்டும். அவற்றில் ஊதாக் கோஸுச் சாறு, முப்பத்தேழு டிகிரியில். பெண்மக்கள் கழுத்து வரைக்கும் அமிழ்ந்து உட்கார வேண்டும். செல்கள் பேசுவதில்லை என்பதால் உள்ளே பேசக் கூடாது என்று ஒரு பலகை. எங்கள் ஊர்ப் பெண்களை வாய் மூடி உட்கார வைத்த முதல் அரசுத் திட்டம் இதுதான்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். என் தங்கை இல்லாவிட்டால் நானும் சிரித்துவிட்டுத்தான் போயிருப்பேன்.

அவளுக்கு இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருந்தது. சுண்டைக்காய் அளவு. என்னிடம் மட்டும் சொன்னாள். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு உடனே மெஷினில் மார்பைப் படம் எடுக்கச் சொன்னார்கள். இவளோ பிள்ளைக்குப் பரீட்சை என்பாள், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்பாள். பயம்தான், வேறென்ன. நான் சாமியை வேண்டி, அவளைக் கெஞ்சி, கடைசியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகளும் வந்தாள்.

படம் எடுக்கிற அறையில் மெஷினைக் காணோம். தட்டு இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே கதவு இறுக மூடுகிற அறை அது ஒன்றுதானாம். ஆராய்ச்சிப் பெட்டிக்குக் கதவு இறுக மூடும் என்பதால், தட்டு அங்கே குடிபுகுந்துவிட்டது. மெஷின் பின் வராந்தாவில், போர்வை போர்த்திக்கொண்டு, சம்பந்தி வீட்டில் கோபித்துக்கொண்ட மாமனார் மாதிரி சுவரைப் பார்த்து நின்றது. படம் எடுக்கிற அம்மா நீளக் கரண்டியால் சாற்றைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள்.

என் தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மெஷின் இல்லேன்னா என்ன அக்கா? அதான் தட்டு இருக்கே! நான் இதுல உக்காந்துட்டுப் போறேன். கட்டி கரைஞ்சிடும்."

"கரையாதுடி."

"உனக்கு என்ன தெரியும்? உன் பொண்ணு கண்டுபிடிச்சதுதானே இது?"

தட்டுக்கு வெளியே வரிசை தெருவரைக்கும் நீண்டிருந்தது. அதற்குள் ஊதா நிறம் ஊரில் ஒரு கௌரவமாகிவிட்டிருந்தது. கழுத்து வரைக்கும் ஊதாவாக இல்லாதவளைப் பிற்போக்கு என்று பார்த்தார்கள். வரிசையில் இடம் கிடைக்காத ஒரு டீச்சர் முழங்கையில் ஊதா மைக்கூட்டைக் கவிழ்த்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

மகள் நேராகத் தக்க நடவடிக்கையிடம் போனாள். "மெஷின் இருந்த இடத்துல இருக்கணும் சார். எத்தனை பொம்பளைங்களுக்குப் படம் எடுக்க வேண்டியிருக்கு தெரியுமா?"

"தட்டுக்குத் திறப்பு விழா நடந்துடுச்சும்மா. மெஷினுக்கு நடக்கலையே."

மகள் குரலை மாற்றினாள். நாலு வயதில் பக்கத்து வீட்டுப் பொம்மையைக் கேட்ட அதே குரல்.

"ஆராய்ச்சிக்கு விரோதமா ஒண்ணும் செய்யக் கூடாதுன்னீங்களே சார். ஒரு தப்பு நடந்துக்கிட்டிருக்கு."

அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "தப்பா? என் திட்டத்துலயா?"

"தட்டுல போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு செல்லையும் நாங்க கருவியில வச்சுப் பார்ப்போம். பார்க்காம உள்ள விட்டா அந்தத் தட்டே செல்லாது. கொட்டிடுவோம்."

"கொட்டிடுவீங்களா!" அவருக்கு வியர்த்துவிட்டது. "நான் எத்தனை பேரைப் பார்க்காம உள்ள விட்டிருக்கேன்!"

மறுநாளே மெஷின் போர்வையை உதறிக்கொண்டு உள்ளே வந்தது. தட்டு பக்கத்து அறைக்குப் போயிற்று. 'படம் எடுத்துக்கொள்ளாத பெண்மக்கள் எக்காரணம் கொண்டும் தட்டில் இறங்க அனுமதிக்கப்படமாட்டார்கள்' என்று பலகை தொங்கியது. கட்டியைக் காட்டுங்கள் என்று டாக்டரம்மா வருஷக்கணக்காகக் கூப்பிட்டும் வராத பெண்கள், ஊதாவாக வேண்டுமே என்று அடித்துப் பிடித்துக்கொண்டு மெஷினுக்கு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் என் தங்கையும் நின்றாள், முணுமுணுத்துக்கொண்டே.

அது புற்றுநோய்தான். ஆனால் சின்னது, வேறெங்கும் பரவாதது. அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே உட்கார்ந்து எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொல்லி முடித்து, தெரியாததையும் சொல்ல ஆரம்பித்தபோது டாக்டரம்மா வெளியே வந்து, "முழுசா எடுத்தாச்சு. நல்ல நேரத்துல வந்தாங்க" என்றார்கள்.

தக்க நடவடிக்கைக்குத்தான் தூக்கம் போயிற்று. "திட்டத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல இந்த வியாதியே இல்லம்மா" என்று மகளிடம் புலம்பினார். "இப்ப பாருங்க, ஒண்ணுக்கு மேல ஒண்ணு!"

"முன்னாடி யாரும் படம் எடுக்கலையே சார்."

"எடுக்காத வரைக்கும் இல்லதானே?"

நல்ல வேளையாக, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவதில் எங்கள் ஊர் முதலிடம் என்று மேலிடத்திலிருந்து கேடயம் வந்தது. கேடயத்தில் தட்டின் படத்தைப் பொறித்திருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டு அடுத்த ஊர் அதிகாரிகள் ஒரு வண்டி நிறைய வந்து இறங்கினார்கள். தட்டின் சுற்றளவை அளந்தார்கள். சாற்றைத் தொட்டு நக்கிப் பார்த்தார்கள். பயன்பெற்ற பெண்மணி என்று என் தங்கையைப் புதுப் புடவையில் நிறுத்தியிருந்தார்கள்.

"எதனால குணமாச்சு, சொல்லுங்கம்மா" என்றார் வந்தவர்களில் பெரியவர்.

"எல்லாம் இந்தக் கோஸ்தாங்க" என்றாள் என் தங்கை, கண்ணீர் மல்க.

பக்கத்தில் நின்ற மகள் "சித்தி!" என்று பல்லைக் கடித்தாள்.

"சும்மா இருடி" என்று தங்கை உதட்டை அசைக்காமல் சொன்னாள். "மெஷின்னு சொன்னா எந்தப் பொம்பளை வருவா? நானே வரலையே."

பெரியவர் மெஷின் அறையை எட்டிப் பார்த்தார். "இது என்ன? எங்க ஊருக்கு இது தேவையில்லையே. தட்டு மட்டும் எடுத்துக்கறோம்."

"ஐயோ, அப்படிச் செஞ்சிடாதீங்க!" என்று பதறினாள் தங்கை. "முதல்ல படம் எடுக்கணுங்க. எடுக்காம இறங்கினா கோஸு உடம்புல ஏறவே ஏறாது. எங்க அக்கா பொண்ணு பெரிய விஞ்ஞானி, அவளையே கேளுங்க."

எல்லாரும் மகளைப் பார்த்தார்கள். படித்த பெண், பொய் சொல்லி வளராத பெண். அவள் தட்டைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள்.

"ஏறாது சார்" என்றாள்.

அது ஒன்றும் பொய்யில்லை. படம் எடுத்தாலும் ஏறாது. அந்தப் பாதியை மட்டும் அவள் சொல்லவில்லை. பெரியவர் பயபக்தியோடு குறித்துக்கொண்டார், முதலில் மெஷின், பிறகு தட்டு.

வீட்டுக்கு வந்ததும் சிரி சிரியென்று சிரித்தோம். "ஒரு ஊரையே கோஸை நம்ப வச்சிட்டீங்களே, இத்தனை முட்டாள்தனம் எங்கயாவது உண்டா?" என்று கேட்டுக்கொண்டே நான் தட்டுகளை வைத்துப் பரிமாறினேன். மகள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, உன் நகமெல்லாம் ஏன் ஊதாவா இருக்கு?"

"காய் நறுக்கினேன்" என்றேன்.

"கழுத்து வரைக்குமா காய் நறுக்கினே?" என்றாள்.