ஆனந்தபாய் வீட்டு விண்கல்

கல்லூரி என்ற சொல்லிலேயே கல் இருக்கிறது. இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்த பெருமை எங்கள் பிரின்சிப்பல் விமலகுமாரி மேடத்தையே சேரும். அமரவிளை சுற்றுவட்டாரத்தில் பட்டம் தரும் கல்லூரிகள் பல உண்டு. கல்லையும் சேர்த்துத் தருவது நாங்கள் மட்டும்தான். விடைத்தாள் கிடங்குக்கும் பெண்கள் கழிப்பறைக்கும் நடுவில், உலகப் புகழை எதிர்பார்த்து நிற்கிறது எங்கள் 'நிலவியல் மற்றும் புதைபடிவ அருங்காட்சியகம்'.

அரியலூரிலிருந்து வந்த இரண்டு அம்மோனைட் சிப்பிகள், கல்லாகிப்போன ஒரு மரத்துண்டு, நூற்றுப் பதினான்கு உள்ளூர்க் கற்கள். கண்ணாடி அலமாரிகள் குவாரி முதலாளி சதாசிவனின் கொடை. உள்ளூர்க் கற்களும் அவர் கொடைதான். ஒற்றசேகரமங்கலம் பக்கம் ஒரு குன்றையே அவர் லாரி லாரியாக உலகுக்கு வழங்கிக்கொண்டிருந்தார்.

பொறுப்பாளர் நான், வணிகவியல் ஆசிரியன். கல்லைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் கெஸ்ட் லெக்சரர் ஜின்சி. விஷயம் தெரிந்தவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் 'நடுநிலை' கெட்டுவிடும் என்பது நிர்வாகத்தின் கொள்கை.

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் முன்பு, காலை பத்து மணிக்கு ஐம்பது வயதுப் பெண் ஒருவர் உரச்சாக்கில் எதையோ சுமந்து வந்து என் மேசையில் இறக்கினார். பெயர் ஆனந்தபாய் என்றார். எங்கள் முதல் பார்வையாளர் என்பதால் நான் எழுந்து நின்று வணங்கினேன்.

"பாக்க வரேல்ல சாறே. காட்டத்தான் வந்தேன்."

சாக்குக்குள் உரிக்காத தேங்காய் அளவில் ஒரு கல்.

"நேத்து உச்சைக்கு குவாரியில வெடி வச்சாங்க. இது எனக்க அடுக்களை ஓட்டை உடச்சிட்டு விழுந்தது. மரச்சீனிக் கெழங்கு அவிச்சிட்டு இருந்தேன். தண்ணி எடுக்கத் திரும்பினதுனால உயிரோட இருக்கேன். ஸ்டேஷன்ல சொன்னா, இது குவாரிக் கல்லுண்ணு எப்பிடித் தெரியும்ணு கேக்காங்க. கல்லு படிச்சவங்க எழுதித் தந்தா நடவடிக்கை உண்டாம்."

கல்லை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஜின்சி லென்ஸோடு வந்து, ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மலைக்க கல்லுதான் சாறே, கோண்டலைட். இந்தப் பக்கம் அரைக்குழாய் மாதிரி ஒரு பள்ளம் இருக்கு பாருங்க. வெடிமருந்து நிறைக்கத் துளை போட்ட தடமாக்கும். நான் எழுதித் தாறேன்."

"எழுதித் தா மக்கா," என்றார் ஆனந்தபாய்.

விஷயம் பெரிது என்பதால் உடனே கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் மேடம், நான், பருப்பு வடை. ஜின்சி 'சிறப்பு அழைப்பாளர்'. சிறப்பு அழைப்பாளருக்கு வடையும் கிடையாது, வாக்கும் கிடையாது. ஆனந்தபாய் வாசலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"கல்லு எங்கேருந்து வந்தது?" என்று மேடம் விசாரணையைத் தொடங்கினார்.

"மேலேருந்து மேடம்," என்றார் ஆனந்தபாய்.

"மேலேண்ணா ஆகாசம்."

"ஓட்டுக்கு மேல ஆகாசம்தான. ஆனா வெடிச் சத்தம் கேட்ட ஒடனே..."

"சத்தமும் உண்டு," என்று மேடம் என் பக்கம் திரும்பினார். "குறிச்சுக்கோங்க. ஆகாசத்திலிருந்து, பெரும் சத்தத்தோடு. இது விண்கல்."

அறிவியல் முன்னேறியதை நான் குறித்துக்கொண்டேன்.

"விண்கல்லுல துளை போட்ட தடம் வராது மேடம்," என்றார் ஜின்சி.

"அங்கேயும் ஆராவது குவாரி நடத்தலாமே. அறிவியல்ல மனசைத் திறந்து வைக்கணும் ஜின்சி. உங்க நியமனம் மார்ச் வரைக்கும்தான?"

ஆனந்தபாய் ஸ்டூலிலிருந்து எழுந்தார். "அப்பிடீண்ணா ஆகாசத்துக்கு வெடி வைக்க லைசென்ஸ் ஆரு குடுத்தது மேடம்?"

'விண்வெளி ஆய்வு குறித்துப் பார்வையாளர் ஆர்வத்துடன் வினவினார்' என்று நான் நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்தேன்.

ஆனந்தபாய் கல்லைத் திருப்பிக் கேட்டார். தேசத்தின் சொத்தை அடுக்களையில் வைக்க முடியாது என்று தீர்மானமாயிற்று. ஜின்சி மட்டும் அவர் பின்னாலேயே போய், வராந்தாத் தூணில் தாளை வைத்து, தன் பெயரும் தேதியும் போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

திறப்பு விழாவில் சதாசிவன் முதலாளி, சிவப்பு வெல்வெட்டில் கிடந்த கல்லுக்கு மாலை போட்டார். இப்படியொரு கல்லைத் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. பெயர் அட்டையைத் தயாரித்தவன் நான்: 'விண்கல். வயது: பல கோடி ஆண்டுகள். விழுந்த இடம்: ஆனந்தபாய் வீட்டு அடுக்களை.'

ஜின்சியின் கடிதம் வீண்போகவில்லை. அதன்பேரில் ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார். குன்றுக்கு ஏறும் வழி மோசம் என்பதால் அருங்காட்சியகத்துக்கு வந்தார். அட்டையை இரண்டு முறை படித்து, போனில் படமெடுத்துக்கொண்டு, "இதெல்லாம் ஆதாரம் உள்ளதுதானே?" என்று என்னைக் கேட்டார்.

ஜின்சி பக்கத்தில்தான் நின்றார். "உள்ளதைச் சொல்லுங்க சாறே," என்றார் மெதுவாக.

"கமிட்டித் தீர்மானம் இருக்கு," என்றேன்.

மூன்றே வாரத்தில் அறிக்கை வந்தது. அந்த இடம் 'விண்கல் அபாயப் பகுதி'. குன்றடியில் இருக்கும் பதினொரு குடும்பங்களும் வேறிடம் போக வேண்டும். காலியாகும் நிலம் வீணாகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், குவாரியை அங்குவரை விரிவாக்கச் சதாசிவன் முதலாளி முன்வந்தார். மார்ச் மாதத்துக்குப் பிறகு ஜின்சிக்கு வேலை இல்லை. ஆனந்தபாயோடு நெய்யாற்றின்கரைக்கு வக்கீலைப் பார்க்கப் போய்வருகிறார் என்று கேள்வி.

சென்ற வாரம் ஆனந்தபாய் மறுபடி வந்தார். இம்முறை கையில் சாக்கு இல்லை. கண்ணாடிக்கு முன் நின்று அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க சாறே. விழுந்த இடம் சரியா உண்டு. எறிஞ்சது ஆருண்ணுதான் காணேல்ல."

"அதுக்கெல்லாம் அட்டையில இடம் இல்லம்மா," என்றேன்.

அவர் குனிந்து இன்னொரு முறை பார்த்தார்.

"உண்டு சாறே. அடியில உண்டு," என்று கண்ணாடியின்மேல் விரலை வைத்தார்.

விரல் தொட்ட இடத்தில் என் கையெழுத்து இருந்தது.