தமிழ்மதியின் டியூப்பும் தொப்பம்பட்டி சம்பந்தமும்

மதிப்பிற்குரிய மச்சான் சுப்புராஜ் அவர்களுக்கு,

சேவுகம்பட்டியிலிருந்து பொன்னுத்துரை வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை மணிமேகலையும் உடம்பளவில் நலம். மற்றபடி நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நடுவில் பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நீங்கள் பார்த்துச் சொன்ன தொப்பம்பட்டிக்காரர்கள் வந்தார்கள். மகளுக்கு ஜப்பானில் என்ன வேலை என்று கேட்டார்கள். மலைக்கு அடியில், பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள், அணுவை விடச் சின்னத் துகளைப் பிடிக்கிறார்கள், அது கிளப்பும் துளி வெளிச்சத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கில் கண்ணாடி டியூப் இருக்கிறது, அத்தனையும் ஒரே வெளிச்சத்துக்கு ஒரே அளவு சொல்லும்படி இருட்டறையில் சரிபார்ப்பதுதான் தமிழ்மதியின் வேலை என்று மூச்சு வாங்க விளக்கினேன். பையனின் அம்மா காதில் டியூப்பும் லைட்டும் மட்டும் விழுந்திருக்கிறது. "ஏனுங்க, புள்ள டியூப்லைட்டுங்களா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. "அவ எம்புட்டு சூட்டிகைன்னு நீங்களே பேசிப் பாருங்க" என்று அப்போதே வீடியோ கால் போட்டேன். எடுத்தாள். ஒரே கும்மிருட்டு. அந்த இருட்டுக்கு எல்லாரும் வணக்கம் சொன்னோம். உள்ளிருந்து, "ஐயோ அப்பா, போன் வெளிச்சம் டியூப்ல பட்ருச்சு, எல்லாம் போச்சு, என் வேலையும் போச்சு!" என்று அழுகைக் குரல். அவ்வளவுதான், நான் அவர்களைப் பார்த்து, "உங்களாலதான் என் புள்ள பொழப்பு போச்சு" என்று கத்திவிட்டேன். காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்கள். மணிமேகலை என்னோடு பேசுவதில்லை.

வேலையும் போய்க் கல்யாணமும் நின்றால் அவள் கதி என்ன, மச்சான்? நீங்களே தொப்பம்பட்டிக்குப் போய், காலில் விழுந்தாவது சமாதானம் பேசுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
மனம் நொந்த பொன்னுத்துரை

பின்குறிப்பு: தொப்பம்பட்டிக்குப் போக வேண்டாம். இப்போதுதான் தமிழ்மதி போன் செய்தாள். டியூப்புக்கு ஒன்றும் ஆகவில்லையாம், கரண்ட் ஓடும்போது வெளிச்சம் பட்டால்தான் கெடுமாம், அன்றைக்கு அதில் கரண்டே இல்லையாம். சம்பந்தம் முறியட்டும் என்றுதான் அப்படி அழுதாளாம். "வேணாம்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாமே தாயி" என்றேன். "எத்தன தடவ சொன்னேன்ப்பா" என்றாள். யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருக்கிறாள், மச்சான். நான்தான் கல்யாண மண்டபத்துக்குத் தேதி கேட்டுக்கொண்டிருந்தேன்.