கித்தானோடு ஒட்டிய சட்டை

சட்டைக் கை வரவே மாட்டேன் என்றது.

சின்னு ஒரு கையால் ஓவியக் கித்தானை அழுத்திக்கொண்டு மறு கையால் இழுத்தாள். சட்டை மொத்தமும் பசையில் இறுகி, ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. நீலச் சீருடைச் சட்டை. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அப்பாவின் சட்டை.

அப்பா போனதும் பெரியப்பா அவருடைய துணிமணிகளை மூட்டை கட்டி யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். மிஞ்சியது இது ஒன்றுதான். அம்மா இதைத் தலையணை மேல் விரித்துத்தான் படுப்பாள். இல்லாவிட்டால் தூக்கம் கிடையாது.

பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா சொல்லிவிட்டுத்தான் போனாள். "எடுத்துட்டுப் போனா உங்க பெரியம்மா புடுங்கிப் போட்ருவா. நாளைக்கு சாயந்திரம் வந்துடுவேன். பத்திரமா பாத்துக்கோடி."

பத்திரமாகப் பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

ஓவியக் கல்லூரியில் துணியும் வண்ணமும் கலந்து ஒரு படைப்பு கேட்டிருந்தார்கள். முதல் முயற்சிக்கு ஆசிரியர் உதட்டைப் பிதுக்கினார். "பெயின்ட் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். பஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்ல உக்காந்த ஊமைங்க மாதிரி இருக்கேம்மா."

இரண்டாவதுக்கு உதட்டைக்கூடப் பிதுக்கவில்லை. "மனசுல இருக்கிற துணியா எடு. நாளைக்குக் காலைல கொண்டு வா. அதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

மனசில் இருந்த துணி அம்மாவின் தலையணை மேல் இருந்தது. குண்டூசியால் கித்தானில் குத்தி, ஆசிரியரிடம் காட்டிவிட்டு, அம்மா வருவதற்குள் கழற்றி வைத்துவிடலாம் என்பது சின்னுவின் திட்டம். குத்தியதும் சட்டை தொய்ந்தது. கழுத்தில் மட்டும் துளி பசை வைத்தாள். அப்புறம் தோளில் துளி. துளித் துளியாக டப்பா காலி.

ஈரத் துணியை வைத்து ஊறவிட்டாள். பசை இளகி, சட்டை கையோடு வந்தது. கூடவே சாயமும் வந்தது. துணி அலசிய வாளித் தண்ணீர் வானமானது. சட்டை வெளிறிப்போனது.

போன் அடித்தது. அம்மா.

"சட்டையை மடிச்சு வச்சியா?"

"விரிச்சுதாம்மா வச்சிருக்கேன்."

"அதுவும் நல்லதுதான். காத்தாட இருக்கட்டும்."

போன சாயத்துக்குப் பதில் அக்ரிலிக் நீலத்தைத் தீட்டினாள். காலரின் உள்பக்கம் வியர்வைக் கறை பழுப்பாக இருந்தது. அப்பாவின் கழுத்தே அங்கே இருப்பது போலிருந்தது. அதன் மேல் மட்டும் தூரிகையை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

காய்ந்த சட்டை அட்டை மாதிரி நின்றது. அதை மிருதுவாக்க இஸ்திரிப்பெட்டியை எடுத்தாள். பெயின்ட் உருகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது முதுகு நடுவில் பெட்டியின் உருவம் கருகலாக, மூக்கும் முழியுமாகப் பதிந்திருந்தது.

தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

எதிர்வீட்டு மாமாவும் அப்பாவோடு அதே பணிமனையில் வேலை பார்த்தவர். ஒரே அளவு உடம்பு. அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, மாமாவோட சீருடைச் சட்டை ஒண்ணு வேணும். அம்மா தலையணைக்கு. அப்பா சட்டை வீணாப்போச்சு. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

அத்தை கேட்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினாள். "கழட்டுங்க."

"என்னது?"

"சட்டையைக் கழட்டுங்கன்னேன்."

"அடியே, இருக்கிறதே இது ஒண்ணுதான்! நாளைக்கு நான் எதைப் போட்டுட்டுப் போறது?"

"பனியனோட போங்க. உங்களை யாரு நின்னு பாக்கப் போறா?"

மாமா பாதிக் காபியோடு பனியனுக்கு வந்தார்.

கருகிய சட்டையை மறுபடி கித்தானிலேயே ஒட்டி, மறுநாள் காலை கல்லூரிக்குத் தூக்கிப் போனாள் சின்னு. ஆசிரியர் வெகுநேரம் பார்த்தார்.

"முதுகுல இந்தத் தடம், வேணும்னே வச்சதா?"

"இல்ல சார்."

"யாரு சட்டை?"

"எங்கப்பா சட்டை, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பதாம்மா ரெண்டும் பேசுது."

எந்தப் பாராட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தாளோ, அது கிடைத்ததும் குழாயடிக்கு ஓடிப்போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள்.

சாயந்திரம் அம்மா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேரே தலையணைதான். சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"பாத்தியாடி," அம்மா கண்ணை மூடியபடியே சொன்னாள். "இத்தனை நாள் ஆச்சு. அந்த கிரீஸ் வாடை, அந்த வேர்வை... அப்படியே இருக்காரு உங்கப்பா."

சின்னு எதிர்வீட்டுக்கு ஓடி, அத்தையின் தோளில் விழுந்தாள்.

"பாவி நான், அத்தை. அப்பாவோட கடைசிச் சட்டையைக் கருக்கிட்டேன். அம்மா மாமா சட்டையைப் புடிச்சுக்கிட்டு அப்பான்னு நினைக்கிறாங்க. இதை எப்படிச் சொல்லுவேன்?"

அத்தை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தன் முந்தானையால் சின்னுவின் மூக்கைத் துடைத்தாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். உங்கப்பா போனப்ப சொட்டுக் கண்ணீர் விடாம கல்லு மாதிரி இருந்த உங்கம்மா, மாடிக் கொடியில காஞ்ச சட்டையைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுதான் முதல் தடவையா அழுதா. கேட்டு வாங்கப் போன நான் வாயை மூடிட்டுத் திரும்பி வந்துட்டேன். அதுவும் உங்க மாமா சட்டைதான்டி."