பிச்சிர் பிடித்த விரதம்

சாதுக்கள் என்றோர் இனம் உண்டு. காவி கட்டிக் கமண்டலம் தூக்குகிறவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் எங்கள் தீவுப் பக்கம் வந்தாலும் நயினாதீவுப் படகில் ஏறி, அம்மனைக் கும்பிட்டு, அன்னதானத்தை ஒரு கை பார்த்துவிட்டு அடுத்த படகிலேயே திரும்பிவிடுவார்கள். இங்கே பேச வந்தது வீட்டுச் சாதுக்களைப் பற்றி. சாரம் கட்டி, சேட்டுப் போட்டு, சைக்கிளில் போகும்போது தெருநாய்க்கும் மணியடித்து வழிகேட்டு, யார் ஏசினாலும் "சரி, விடுங்கோ" என்று சிரித்து, இரண்டு பேர் சண்டை பிடித்தால் நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்புகிற இனம் அது. ஊரில் யாரைக் கேட்டாலும் "அந்தாளோ? பச்சைத் தண்ணி!" என்பார்கள். இவர்களைப் பற்றி எவரும் இதுவரை ஒரு முறைப்பாடும் செய்ததில்லை. சந்தேகம் வரவேண்டிய இடம் அதுதான்.

மாதிரிக்குக் கரம்பொன் அரியநாயகத்தாரை எடுத்துக்கொள்வோம். இளைப்பாறிய தபாலதிபர். அவர் வீட்டு விறாந்தையைத் தாண்டி உள்ளே போனால், மற்ற வீடுகளில் தொலைக்காட்சி இருக்கிற இடத்தில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கும். எதிரே மூன்று கதிரைகள். வருகிறவர் உட்கார்ந்ததும், சுகம் விசாரிக்க முன்பே, அவர் தொட்டியின் லைற்றைப் போடுவார். அடியில், மணலில், ஒரு முழ நீளத்தில் ஒரு சீவன் படுத்திருக்கும். பாதி பாம்பு, பாதி மீன். முதுகு முழுக்க வாள்பல்லுப் போலச் செட்டைகள். இடைக்கிடை மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, அதுவே பெரிய வேலை என்பதுபோல மறுபடி கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். பெயர் பிச்சிர். ஆபிரிக்க ஆற்று மீன். 'அரியநாயகத்தார் வீட்டில் பிச்சர் ஓடுது' என்று கேள்விப்பட்டுப் படம் பார்க்க வந்தவர்களும் உண்டு. அவர்களையும் உட்காரவைத்து மீனைத்தான் காட்டினார்.

"பார்வைக்குத்தான் பயங்கரம். ஒருத்தற்றை சோலிக்கும் போகாது. சரியான சாது. ஒரேயொரு விதிதான் இருக்கு. இதின்ரை வாய்க்குள்ள கொள்ளாத மீனாப் பார்த்து இதோடை விடவேணும்." இந்தப் பிரசங்கத்தைக் கேட்காமல் அந்த வீட்டில் எவரும் தேத்தண்ணி குடித்ததில்லை. விதிப்படியே உள்ளங்கை அகலத்தில் இரண்டு வெள்ளி மீன்களையும், ஓர் ஏஞ்சல் மீனையும் அவர் அதோடு விட்டிருந்தார். அவை மேல்மாடியில் உலாவ, பிச்சிர் கீழ்வீட்டில் உறங்கும். கோயில் கூட்டத்தில் எவராவது குரலை உயர்த்தினால், "என்ரை தொட்டியை ஒருக்கா வந்து பாருங்கோ, ஒற்றுமையெண்டால் என்னெண்டு தெரியும்" என்பார். பிறகு தானே சிரித்துக்கொண்டு, "நானும் அதுவும் ஒரு சாதிதான். நாள் முழுக்கப் படுக்கை, இடைக்கிடை காற்று" என்பார். தன்னைத் தானே பகிடி பண்ணுகிற மனிதனை யார்தான் சந்தேகிப்பது?

இத்தனை சமாதானக்காரருக்கு ஒரு குறை இருந்தது. அடுத்த வளவில் குடியிருக்கும் சொந்தத் தங்கச்சி மனோகரி அவரோடு கதைப்பதில்லை. பல வருசமாக அவருடைய வாசல் படலையைத் தாண்டவில்லை. காரணம் வேலி. வருசா வருசம் வேலி அடைக்கும்போது உக்கிப்போன கதியாலைப் பிடுங்கிப் புதுத் தடி நடுவார்கள் அல்லவா? ஒரு வருசம் மனோகரி வந்து நின்று, "அண்ணை, இந்தப் பனை முந்தி என்ரை பக்கமெல்லோ நிண்டது?" என்று கேட்டாள். அரியநாயகத்தார் சண்டை பிடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "பனை என்ன நடந்தே வரும், தங்கச்சி?" என்று அன்பாகச் சிரித்தார். ஊருக்கும் சொன்னார்: "பாவம், அவவுக்குக் கண் மங்கிப்போச்சு." உண்மையில் அவளுக்குக் கண் மங்கித்தான் இருந்தது. ஊர் தலையாட்டியது. மனோகரி பேச்சை நிறுத்தினாள். அவர் மனமுடைந்து போனார் என்பதை நம்புங்கள். தீபாவளிக்குத் தீபாவளி வேலிக்கு மேலால் பலகாரம் நீட்டிப் பார்ப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் கை வராது. சாகமுன் ஒருநாள் தங்கச்சி தன் வீட்டில் வந்து இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடித்தால் போதும் என்று மனைவி சிவக்கொழுந்திடம் சொல்லிக் கண் கலங்குவார். கலங்கியது பொய்யல்ல.

அந்த நாள் இந்த ஆனி மாதம் கிட்ட வந்தது. மனோகரி கண் ஒப்பரேசனுக்குக் கொழும்பிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போகவேண்டும். அவளிடம் ஒரு சின்னத் தொட்டியும், அதில் மகள் வாங்கிக் கொடுத்த நியோன் குஞ்சுகளும் இருந்தன. நீலக்கோடு மினுங்குகிற, விரல் நுனியளவு மீன்கள். கதைபேச்சு இல்லாத வீட்டில் அவளுக்குத் துணை அவைதான். சிவக்கொழுந்து இடையில் புகுந்து கதைத்தாள். கடைசியில் மனோகரி பொலித்தீன் பையில் குஞ்சுகளோடு படலையடிக்கு வந்து, உள்ளே வராமல் நின்றாள்.

"உங்கடை மீன் கடிக்காதோ, அண்ணை?"

"ஐயோ தங்கச்சி, அது ஒருத்தரையும் கடிச்ச சரித்திரம் இல்லை."

"அப்ப சரி. திரும்பி வந்து உங்கடை வீட்டிலை வைச்சே இதுகளைத் திருப்பி வேண்டுறன்."

உங்கடை வீட்டிலை! அரியநாயகத்தாருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. சமாதானம் கையில் பையாகத் தொங்கியது. அதை ஒரு வாளிக்குள் ஊற்றி வைத்திருக்கலாம். ஆனால் ஒற்றுமைக்கு வாளியா அடையாளம்? பெரிய தொட்டியிலேயே விட்டார். வாய்க்குள் கொள்ளாத மீன் என்ற விதி ஞாபகம் வந்தது. விதியெல்லாம் பழக்கமில்லாத பிச்சிருக்குத்தானே, இது எங்கள் வீட்டில் வளர்ந்ததல்லவா என்று அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார். பிச்சிர் நாளாந்தம் வயிறு முட்ட இறால் தின்றுகொண்டிருந்த காலம் அது. குஞ்சுகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை நயினாதீவில் கொடி ஏறியது.

அம்மன் திருவிழா முடியும்வரை அந்த வீட்டில் மச்சம் இல்லை, சைவச் சாப்பாடுதான். மீன் காய்ச்சும் மச்சச்சட்டி பின்வளவுக் கோடிக்குள் போய்விட்டது. சிவக்கொழுந்து அன்று காலையே குசினி வாசலில் நின்று சட்டத்தை அறிவித்தாள். "இண்டையிலையிருந்து படலைக்குள்ள இறாலும் வரக்கூடாது, ஒண்டும் வரக்கூடாது."

"அப்ப தொட்டிக்குள்ள இருக்கிறது?" என்று தபாலதிபர் ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினார்.

"உயிரோடை இருக்கும்வரைக்கும் அது மீன். செத்தால்தான் மச்சம்."

கடையில் வாங்கிய உருண்டைத் தீனிலும் மீன்மா இருக்கிறது என்று பையில் வாசித்துச் சொன்னவர் அவரேதான். மனைவி கேட்கக்கூட இல்லை. அதுவும் கோடிக்குள் போனது. பிச்சிருக்கு அவித்த பட்டாணி போடப்பட்டது. பூசணி போடப்பட்டது. ஒருநாள் பருப்பும் போடப்பட்டது. பிச்சிர் மணந்து பார்த்தது. திரும்பிப் படுத்தது. அவர் அதைப் படம் பிடித்து, 'எங்கள் வீட்டுப் பிச்சிரும் அம்மனுக்கு விரதம்' என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் கும்பிட்ட கைகள் வந்து குவிந்தன. அன்று முழுக்க அவர் தொலைபேசியைக் கீழே வைக்கவில்லை.

பிறகு குஞ்சுகள் குறைந்தன. முதலில் பாசிக்குள் ஒளித்திருக்கின்றன என்றார். பிறகு வெக்கைக்குக் கல்லுக்கடியில் போய்விட்டன என்றார். கல்லைத் தூக்கிப் பார்த்தபோது அங்கே பிச்சிர்தான் இருந்தது. நல்ல சுகதேகியாக இருந்தது.

"விரதம் பிடிச்சு வயிறு வைச்ச சீவனை இப்பதான் காணுறன்" என்றாள் சிவக்கொழுந்து. "ஆனால் பாவம், சட்டத்தை மீறேல்லை. மச்சம் சாப்பிடேல்லை, மீன்தானே சாப்பிட்டது."

அரியநாயகத்தார் அவளோடும் சண்டை பிடிக்கவில்லை. பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய் அதே நிறத்தில் குஞ்சுகள் வாங்கிவந்தார். எங்கே விட்டார் என்று நினைக்கிறீர்கள்? அதே தொட்டியில்தான். இரண்டு மூன்று நாள் பழகினால் சரிவரும் என்று மனம் சொன்னது. விடிய எழும்பிப் பார்த்தபோது பழகுவதற்கு ஒருவரும் மிஞ்சவில்லை. 'போன பொதி திரும்பி வராத விலாசத்துக்கே இரண்டாம் பொதியையும் அனுப்பிய தபாலதிபர் உலகத்திலேயே நான் ஒருவன்தான்' என்று தன்னையே ஏசிக்கொண்டார். இந்த முறை அதைப் பகிடியாகச் சொல்லிக் கேட்கவைக்க அருகில் ஒருவரும் இல்லை. இத்தனை வருசம் கழித்து வரப்போகிறவளை எந்த முகத்தோடு வரவேற்பது?

தீர்த்தம் முடிந்து இரண்டாம் நாள் மனோகரி வந்தாள். படலையைத் தாண்டினாள். கதிரையில் இருந்தாள். சிவக்கொழுந்து கொடுத்த தேத்தண்ணியை வாங்கினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுத் தொட்டியை ஆறுதலாகப் பார்த்தாள்.

"எங்கை அண்ணை, குஞ்சுகள்?"

"அங்கைதான் நிக்குதுகள், தங்கச்சி. பாசிக்குள்ள. உனக்குக் கண்..."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பல வருசப் பழக்கம். மனோகரி தொட்டியை விட்டுவிட்டுச் சன்னலால் வெளியே, வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற பனையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்.

"கண் இப்ப நல்ல வடிவாத் தெரியுது, அண்ணை. மீன் போனால் போகட்டும், அது தன்ரை பசிக்குத் திண்டுது. நீங்கள் என்னோடை ஒருநாளும் சண்டை பிடிக்கேல்லை. ஒருக்கா பிடிச்சிருந்தாலும் நான் திருப்பிக் கதைச்சிருப்பன். பைத்தியக்காரி மாதிரி இத்தனை வருசம் என்ரை கண்ணையெல்லோ ஏசிக்கொண்டிருந்தனான்."

அவள் போனபிறகு அரியநாயகத்தார் தொட்டியின் லைற்றை அணைத்தார். ஒரு பகிடிகூட வரவில்லை. பின்னேரம் மண் கிண்டும் அலவாங்கை எடுத்துக்கொண்டு போய், ஒரு கதியாலைப் பிடுங்கி, பழைய குழியைத் தேடிப் பிடித்து நட்டார். ஒன்றைத்தான். வியர்வையைத் துடைத்துவிட்டு, மிச்சத்தை வருசா வருசம் ஒவ்வொன்றாய்த் திருப்பி வைக்கலாம், அவசரமென்ன, குனிந்து நிமிர்ந்தால் நாரி பிடிக்கும் என்று யோசித்தபடி நிமிர்ந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் மனோகரி நின்றாள். "மற்றதையும் கிண்டுங்கோ, அண்ணை. நான் மண்ணை அள்ளிவிடுறன்" என்றாள். பொழுது சாயும்வரை இருவரும் கிண்டினார்கள்.

வாசிக்கிற உங்களுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். உங்கள் வீட்டில் தொட்டி இல்லை, பிச்சிர் இல்லை, நீங்கள் ஒருவரோடும் சண்டைக்குப் போனதும் இல்லை. நல்லது. உங்களோடு பேச்சை நிறுத்தியவர் எவராவது இருந்தால், ஏன் நிறுத்தினார் என்று ஊரிடம் விசாரிக்கவேண்டாம். ஊர் உங்கள் பக்கம்தான் நிற்கும். அவரிடமே போய்க் கேளுங்கள். அலவாங்கையும் கையோடு கொண்டு போங்கள்.