கிளம்புவதற்கு முன் கிரவுன் மாற்றுபவர்

வாசகரே, பயணம் கிளம்புகிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. அவர்கள் கிளம்ப மாட்டார்கள், வண்டியைத் திருத்துவார்கள். அந்த இனத்தின் அசல் சரக்கு எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறது. ஓடி ஓய்ந்து ஏலத்துக்கு வந்த பழைய டவுன் பஸ் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றி, கட்டில் போட்டு, அடுப்பு வைத்து, ஜன்னலுக்குத் திரை மாட்டி, "இனிமே ஊர் ஊரா சுத்தலாம்" என்று அவர் மனைவியிடம் சொல்லி மூன்று வருடமாகிறது. போன வாரம் வரை பஸ் வாசலைத் தாண்டவில்லை.

அந்த அம்மாள் கேட்டது ஒரே ஊர். கடலோரத்தில் இருக்கும் அவருடைய அக்கா வீடு. அக்காவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. "முகம் தெரியும்போதே ஒரு தடவை வந்துட்டுப் போடி" என்று போனில் சொல்கிறார்.

"கிளம்பலாமாங்க?"

"இன்னும் ஒரே ஒரு வேலை."

கடைசியாக வந்த ஒரே ஒரு வேலை, கிரவுன் பினியன்; பின் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடி. "டவுனுக்குள்ள நின்னு நின்னு போறதுக்குப் போட்ட பல்லுங்க இது. ஹைவேயில கத்தும். பின் அச்சுல கிரவுனை மாத்திட்டா இன்ஜின் நிதானமா சுத்தும், சக்கரம் பறக்கும்" என்று தபால்காரரைக்கூட நிறுத்தி விளக்கினார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "வேகம் வரும் சார். இழுவை போயிடும். மேடு ஏறாது."

"ஹைவேயில ஏதுப்பா மேடு?"

ஹைவேயை விடுங்கள். எங்கள் தெருவிலிருந்து ஹைவேக்குப் போகும் வழியில் ஒரு மேடு இருக்கிறது. பதினெட்டு வருடமாக அவரே தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுகிற மேடு.

கிரவுனை மாற்றி, ஒருவழியாகக் குடும்பத்தோடு கிளம்பிய அன்று, பாதி மேட்டில் பஸ் முக்கி முனகி நின்றது. பாரத்தைக் குறைக்கச் சொன்னார். மனைவி இறங்கினார், மகள் இறங்கினாள், அடுப்பு இறங்கியது, கட்டில் இறங்கியது. பிறகு தெருவே சேர்ந்து தள்ளியது. என் தோள் இன்னும் வலிக்கிறது. மேட்டின் உச்சியில் அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஒரு ஓட்டம் பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். போனார்.

அந்த அம்மாள் நடுத்தெருவில் கிடந்த கட்டிலைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு, மகளோடு மேடேறி, அக்கா ஊருக்கு முதலில் வந்த பஸ்ஸில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எங்கேயோ சுற்றிவிட்டு அதே ஹைவேயில் வந்த நம் ஆள், உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் அந்த பஸ்ஸைப் பறந்து முந்தினார்.

"அம்மா, அப்பா நம்மள முந்திட்டாரு."

"போகட்டும் விடு. முன்னாடி மேம்பாலம் வருது."

அக்கா வாசலிலேயே கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இளைச்சிட்டியேடி" என்றாராம்.

உங்களிடம் பஸ் இல்லை, அதனால் நிம்மதியாகச் சிரிக்கிறீர்கள். சரி, இதைப் படிக்க உட்கார்ந்தபோது உங்கள் வீட்டில் யாராவது செருப்பை மாட்டிக்கொண்டு "கிளம்பலாமா?" என்று கேட்டார்களா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? வாசலை எட்டிப் பாருங்கள். செருப்பு இருக்கிறதா?