ஓடிப் பார்த்து வாங்கலாம்

ஹஸீபின் இடது கால் காருக்குள் போய்விட்டது. மீதி ஹஸீப் முழுவதும் வெளியே நின்றார். அந்தச் சிவப்புக் கார் இடுப்பு உயரம்கூட இல்லை. அவரோ பதுளை பஜாரில் இருபது வருடமாக ஹார்ட்வெயார் கடைக் கல்லாவில் உட்கார்ந்து உடம்பை வளர்த்தவர்.

"தலையைக் குனிஞ்சு, இருக்கிற பக்கத்தை முதல்ல இறக்குங்கோ தம்பி. மற்றக் கால் தானா வரும்," என்றார் இடப்பக்க இருக்கையில் ஏற்கெனவே வசதியாக அமர்ந்திருந்த இளையதம்பி.

இளையதம்பி ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, பசறைக்குப் போகும் பாதையோரம் வீடு கட்டி இங்கேயே தங்கிவிட்டார். காரை வாங்கியது அவருடைய மகன் மதுரன். வாங்கிய ஆசை தீருமுன்னே அவன் கனடாவுக்குப் போய்விட்டான். 'இரண்டு இருக்கை, திறந்து மூடும் கூரை, ஓடிப் பார்த்து வாங்கலாம்' என்று பேப்பரில் விளம்பரம் வந்த காலையிலேயே ஹஸீப் போன் எடுத்துவிட்டார்.

பதினெட்டு வயதிலிருந்து அவருக்கு இப்படி ஒரு கார் மேல் ஆசை. அந்த ஆசைக்கு மனைவி றமீலா இன்று பின்னேரம் நாலு மணி வரைதான் தவணை கொடுத்திருந்தாள். அவளுடைய அண்ணன் ஷுக்ரி தன் வெள்ளை வேனை விற்கப் போகிறார். அதை வாங்க அலவி ஹாஜியாரும் காத்திருக்கிறார்.

"மூணு புள்ளைகளோட போகவர வேன்தான் சரி. நாலு மணிக்குள்ள நீங்க ஒரு முடிவு செல்லல்லண்டா, நான் ஷுக்ரி நானாட வேனையே எடுப்பன்," என்று சொல்லி அனுப்பியிருந்தாள். வேன் வந்தால் இந்த ஆயுளில் கார் இல்லை என்பது ஹஸீபுக்கு நன்றாகத் தெரியும்.

மூச்சைப் பிடித்து உள்ளே விழுந்தார். கார் ஒருமுறை ஆடி நின்றது. வீட்டு வேலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வரும் முத்தாயி, மடித்த இரண்டு வெறும் சாக்குகளைக் கொண்டுவந்து இளையதம்பியின் மடியில் வைத்தாள். கண்ணாடி துடைப்பதற்காக இருக்கும் என்று ஹஸீப் எண்ணிக்கொண்டார்.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளைக் கூச்சத்தோடு எடுத்தார். போன் கடை ஷப்ராஸ் இணையத்தில் தேடி அச்செடுத்துக் கொடுத்தது. 'ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன் ஓடிப் பார்ப்பதற்குப் பத்து ஆலோசனைகள்.' தன் கடையில் வாளியைத் தட்டிப் பார்ப்பவனைக்கூட முறைக்கிற ஆள் ஹஸீப். அதனால் இளையதம்பி கோபிப்பார் என்று பயந்தார்.

இளையதம்பி மூக்குக் கண்ணாடியைப் போட்டு, தந்தி வாசிப்பதைப் போல ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். முகம் மலர்ந்தது.

"அருமையான கடுதாசி. இதின்படியே செய்வம். ஒண்டையும் விடக்கூடாது."

இப்படியும் ஒரு நேர்மையான மனிதரா என்று ஹஸீப் நெகிழ்ந்துபோனார்.

"முதலாவது, எல்லா மீற்றரும் வேலை செய்யுதோ எண்டு பாக்கவேணும். பெட்ரோல் மீற்றரை எப்பிடிப் பாக்கிறது?"

"எப்பிடி மாஸ்டர்?"

"நிரப்பினாத்தான் தெரியும்."

ஹஸீப் நிரப்பினார். முள் நேரே மேலே போய் நின்றது. அது வேலை செய்கிறது என்பதில் இருவருக்கும் திருப்தி.

அடுத்தது வளைவுகள். வளைவு பார்க்கப் பசறைப் பாதையை விட்டால் வேறு எங்கே போவது? கார் தேயிலைக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் மெல்ல உறுமியது. ஹஸீபுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. நாற்பத்திரண்டு வயதில் இப்படி அழலாமா என்று வெட்கமாகவும் இருந்தது.

"பிரேக்! இப்ப பிடியுங்கோ!" என்று திடீரென்று கத்தினார் இளையதம்பி.

கார் ஆணி அடித்த மாதிரி நின்றது. நின்ற இடம் பசறை ஆஸ்பத்திரி வாசல்.

"பிரேக் திறம். இனி எஞ்சின் ஆறவேணும். ஆறின எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகுதோ எண்டு பாக்கச் சொல்லி ஏழாவதா இருக்கு. நீங்கள் இருங்கோ, நான் உள்ள போட்டு வாறன்."

முக்கால் மணி நேரம் கழித்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த, ஒரு மாதத்துக்கான நீரிழிவுக் குளிசைகளோடு திரும்பி வந்தார். எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆனது.

றமீலாவின் அழைப்பு வந்தது. "எங்க ஈக்கிறீங்க?"

"பசறையில. பிரேக் பாத்தாச்சி."

"பிரேக் பாக்க ஒரு மணித்தியாலமா? ரெண்டே கால் ஆகுது!"

"அவசரப்படாதேங்கோ தம்பி," என்றார் இளையதம்பி. "அவசரத்தில வாங்கி அவதிப்பட்ட ஆக்களை எனக்குத் தெரியும். இனிப் பாரம். பாரம் ஏத்தினா வண்டி இழுக்குதோ எண்டு தெரியவேணும்."

பாரத்துக்கு ஒரு மூட்டை சிவப்பரிசி வந்தது. அதோடு டிக்கி நிரம்பிவிட்டது. வெறும் சாக்குகள் இரண்டும் சந்தையில் உருளைக்கிழங்காலும் வெங்காயத்தாள் மாதிரி நீண்ட வெலிமடை லீக்ஸாலும் நிறைந்தன. கிழங்குச் சாக்கு இளையதம்பியின் காலடியில் போனது. லீக்ஸ் சாக்கைக் கைபிரேக்குக்கு மேலே நிறுத்தினார்கள். அதன் இலைகள் ஹஸீபின் காதைக் கூச வைத்துக்கொண்டே இருந்தன.

"மாஸ்டர், கழுத்தத் திருப்ப ஏலாம ஈக்கி. கொஞ்சத் தூரம் நீங்க ஓட்டுறீங்களா?"

"விக்கிறவன் ஓடினா வாங்கிறவனுக்கு என்ன விளங்கும்?" என்றார் இளையதம்பி.

அதுவும் நியாயமாகவே பட்டது. காதைக் காப்பாற்ற ஹஸீப் கூரையைத் திறந்தார். லீக்ஸ் நிமிர்ந்து நின்று காற்று வாங்கியது.

திறந்த கூரையை இளையதம்பி அண்ணாந்து பார்த்தார். "எட்டாவதையும் பாத்தாச்சு. திறந்தது நல்லதாப் போச்சு, அந்த முன் கடையில ஒருக்கா நிப்பாட்டுங்கோ."

அது பிரம்பு பின்னும் கடை. காலை நீட்டிச் சாய்ந்திருக்கப் புதிதாகப் பின்னிய சாய்மனைக் கதிரை ஒன்றை இரண்டு பேர் தூக்கிவந்து, இருக்கைகளுக்குப் பின்னால் கவிழ்த்து, கயிற்றால் கட்டினார்கள். கதிரையின் கைகள் இரண்டும் ஹஸீபின் தலைக்கு மேல் கொம்பாக நீட்டிக்கொண்டு நின்றன.

"இது எத்தினாவது மாஸ்டர்?"

"ஒன்பதாவது. காத்து எதிர்ப்பு."

பாதி வழியில் மழை பிடித்தது. கதிரை இருந்ததால் கூரையை மூட முடியவில்லை. கதிரையை இறக்கலாமென்றால் வைக்க இடமில்லை. சீக்கிரம் போய்விடலாமென்று ஹஸீப் வேகத்தைக் கூட்டினார். லீக்ஸ் இலைகள் கண்ணை மறைத்தன. வேகத்தைக் குறைத்ததும் பின்னால் வந்த லுணுகலை பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. கடைசியில் அது முந்திப் போனபோது, ஜன்னல் முழுவதும் முகங்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்தன.

ஹஸீபுக்கு எதுவும் உறைக்கவில்லை. முகத்தில் மழை, காலடியில் எஞ்சின், முன்னால் வளைந்து இறங்கும் பாதை. நனைந்த தாடியோடு தானும் சிரித்துக்கொண்டு வந்தார்.

இளையதம்பியின் வீட்டு வாசலில் நிறுத்தியபோது நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"மாஸ்டர், கார எனக்குத் தாங்க. நீங்க செல்றதுதான் விலை. ஒரு பேச்சும் இல்ல."

இளையதம்பி குளிசைப் பொட்டலத்தை நனையாமல் சட்டைக்குள் வைத்தார். "மகனை ஒரு சொல்லுக் கேக்கவேணும் தம்பி. அங்க இப்பதான் விடியுது. அவன் எழும்பட்டும்," என்றபடி உள்ளே போனார்.

தந்தைக்கும் மகனுக்கும் இடையில் எவ்வளவு மரியாதை என்று ஹஸீப் வியந்தார். வாசல் கேட் அருகே நின்று றமீலாவை அழைத்தார்.

"முடிஞ்சிட்டு. மகன்ட்ட ஒரு சொல்லு கேக்கப் போயிருக்கிறார், அவ்வளவுதான். நாலு மணி ஆகல்ல, பாத்துக்க."

"நனைஞ்சீக்கிறீங்களா?"

"ஓ."

"சிரிக்கிறீங்க போல."

"ஓ."

றமீலா பெருமூச்சு விட்டாள். "இவ்வளவு சந்தோசமா உங்கட கொரல நான் கேட்டு எத்தின வருசம். சரி, எடுங்க. வேன அலவி ஹாஜியாருக்கே குடுக்கச் செல்லி நானாக்கு இப்பவே செல்றன். நானும் புள்ளைகளும் பஸ்ஸில போவம்."

ஹஸீப் பதில் சொல்லுமுன் அவள் போனை வைத்துவிட்டாள்.

முத்தாயி குடையோடு வந்து கதிரையின் கயிற்றை அவிழ்த்தாள். ஹஸீபும் ஒரு கை கொடுத்தார். லீக்ஸ் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, அவள் அவரை நன்றியோடு பார்த்தாள்.

"நீங்க ரொம்ப நல்ல மனுசருங்க. போன மாசம் கார் பாக்க வந்தவரு, கதிரையெல்லாம் ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"போன மாசமும் ஆள் வந்தீக்கா?"

"மாசாமாசம் யாராச்சும் வருவாங்கய்யா," என்றாள் முத்தாயி, அரிசி மூட்டையைத் தூக்கியபடி. "எங்க ஐயாவுக்குத்தான் கார் ஓட்டத் தெரியாதுங்களே, அரிசி தீந்துச்சுன்னா பேப்பருக்கு வெளம்பரம் எழுதிப் போட்டுருவாரு."